தடுப்பூசி போட்டுக்கொள்வது குடிமகனின் கடமையா?

வாசகர் ஒருவரின் கேள்வி, 3 மே 2022, காலை

"யாரையும் வற்புறுத்திக் கொரோனா தடுப்பூசி போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் நேற்றுத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஓராண்டுக்கும் மேலாக 'இது ஒவ்வொருவரின் கடமை' என்று வகுப்பெடுத்துவந்த வாத்தியார், இனியாவது அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுவாரா? உடல் என்னுடையது, முடிவும் என்னுடையது. இதில் கடமை எங்கிருந்து வந்தது?"

3 மே 2022, இரவு

திரும்பப் பெற மாட்டேன். கடமையும் கட்டாயமும் ஒன்றல்ல. கல்யாண வீட்டில் மொய் எழுதியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எழுதாமல் சாப்பிட்டுவிட்டு வருபவரைக் காவலர்கள் பிடித்துக்கொண்டு போவதும் இல்லை. ஆனாலும் எங்கள் சிவகங்கைப் பக்கத்தில், பழைய மொய் நோட்டைப் பரணிலிருந்து இறக்கி, முப்பது ஆண்டுகளுக்கு முன் தம் தகப்பனார் யாரிடம் எவ்வளவு வாங்கினார் என்று தேடிப் பார்த்து, அதற்கு மேல் சேர்த்து எழுதிவிட்டு வருகிறவர்களை நான் இன்றும் பார்க்கிறேன்.

நான் 1968-இல் பிறந்தவன். அப்போது பெரியம்மை இந்தியாவில் இருந்தது. இங்கே கடைசி நோயாளி கண்டறியப்பட்டது 1975-இல்தான். நான் முகத்தில் தழும்பில்லாமல் வளர்ந்ததற்குக் காரணம் எனக்கு முன்னே கையை நீட்டியவர்கள். அது நான் வாங்கிய மொய். தட்டம்மை ஊசியை ஒன்பதாம் மாதத்தில்தான் போடுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதற்கும் குறைந்த வயதுடைய குழந்தைக்குப் பெரும்பாலும் பாதுகாப்பு, சுற்றியிருப்பவர்களிடம் அந்த நோய் இல்லாதிருப்பது மட்டுமே. அந்தக் குழந்தை என்னிடம் எதையும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது.

4 மே 2022

நேற்று எழுதியதில் இரண்டு திருத்தங்கள்.

முதலாவது, தீர்ப்பைப் பற்றியது. கேள்வி கேட்டவர் பாதியைச் சொன்னார். நான் அந்தப் பாதியையும் சொல்லவில்லை. டாக்டர் ஜேக்கப் புலியேல் தொடுத்த வழக்கில் நீதிபதிகள் எல். நாகேஸ்வர ராவும் பி.ஆர். கவாயும் சொன்னது இதுதான்: தன் உடல்மீது ஒருவருக்கு உள்ள உரிமை, அரசியல் சாசனத்தில் வாழும் உரிமையைத் தரும் 21-ஆவது பிரிவுக்குள் அடங்கும், ஆகவே யாரையும் பிடித்துவைத்து ஊசி போட இயலாது. ஆனால் பொதுச் சுகாதாரத்துக்காக நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. அத்தகைய கட்டுப்பாடு நோயின் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்றும், தொற்று குறைந்திருக்கும் இன்றைய நிலையில் ஊசி போடாதவர்களை மட்டும் தடுத்து நிறுத்துவது பொருத்தமல்ல என்றும் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கட்டுப்பாடுகளை ஆதரித்து வாதாடிய மாநிலங்களில் நம் தமிழ்நாடும் ஒன்று. கடந்த டிசம்பரில் பக்கத்து மதுரை மாவட்டத்தில், ஊசி போடாதவர்கள் உணவகம், கடை முதலிய பொது இடங்களுக்கு வரக்கூடாது என்று நிர்வாகம் அறிவித்தபோது நான் கைதட்டியவன். இப்போது அந்தக் கைதட்டலைப் பாதியளவுக்குக் குறைத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது திருத்தம் எனக்கே கசப்பானது. தட்டம்மை ஊசியையும் கொரோனா ஊசியையும் ஒரே தராசில் வைத்துவிட்டேன். தட்டம்மை ஊசி பரவலைத் தடுப்பதுபோல் கொரோனா ஊசி தடுக்கவில்லை என்பதை ஒமைக்ரான் என்னும் உருமாறிய கொரோனா காட்டிவிட்டது. இரண்டு தவணையும் முடித்திருந்த நானே கடந்த ஜனவரியில் நோயை வாங்கி, என் மனைவிக்கும் கொடுத்தேன். ஆகவே 'பிறருக்குப் பரப்பாதிருக்க' என்ற காரணம் இந்த ஊசிக்கு மெலிந்துபோகிறது. மிஞ்சுவது மருத்துவமனைப் படுக்கை. 2021 மே மாதத்தில் மருத்துவமனை வாசல்களில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றதையும், உள்ளே ஆக்சிஜன் படுக்கை காலியாவதற்காக வண்டிக்குள்ளேயே மனிதர்கள் காத்திருந்ததையும் நாம் மறந்திருக்க முடியாது. தவிர்த்திருக்கக்கூடிய நோயோடு நான் ஒரு படுக்கையை அடைத்துக்கொண்டால், வெளியே வண்டியில் கிடப்பவருக்கு நான் கடன்காரன். என் வாதம் இப்போது இந்த அளவில்தான் நிற்கிறது.

9 மே 2022

'கிராமத்து மக்களுக்கு அறியாமை, அதனால்தான் பயப்படுகிறார்கள்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

2017 பிப்ரவரியில் தட்டம்மை, ருபெல்லா ஊசி முகாம் தொடங்கியது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளியிலேயே போட வேண்டும். முகாம் தொடங்குவதற்கு முன்பே, ஊசி ஆபத்தானது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி வந்துவிட்டது. ஊசி நாளன்று என் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேரில் பதினேழு பேர் வரவில்லை. மாலையில் கிராம சுகாதாரச் செவிலியரோடு வீடு வீடாகப் போனேன். போகிற வழியெல்லாம் வதந்தியை எப்படி உடைப்பது என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

மூன்றாவது வீட்டில் ஒரு தாய் என் விளக்கத்தை முழுவதும் கேட்டார். பிறகு, "அதெல்லாம் சரி சார், ஊசி போட்டா ரெண்டு நாள் காய்ச்சல் வரும்னு நர்சம்மாவே சொல்றாங்க. புள்ள காய்ச்சலாக் கிடந்தா நான் எப்படிக் கூலிக்குப் போறது? அந்த ரெண்டு நாள் சம்பளத்த யாரு தருவா?" என்று கேட்டார். அவர் வாட்ஸ்அப் பார்ப்பவரே அல்லர். அவரிடம் அந்த வகைக் கைபேசியும் இல்லை. நான் ஒத்திகை பார்த்த பதில்களில் ஒன்றும் அந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை. செவிலியர்தான் முகாமை வெள்ளிக்கிழமைக்கு மாற்றித்தருவதாகச் சொல்லி, தன் எண்ணையும் எழுதிக்கொடுத்தார். பதினேழில் பதினான்கு பேர் அந்த வெள்ளிக்கிழமை வந்தார்கள். அவர்களை வரவழைத்தது என் சொற்பொழிவு என்று தலைமையாசிரியர் ஆண்டறிக்கையில் எழுதினார், நானும் மறுக்கவில்லை.

9 மே 2022, சற்று நேரம் கழித்து

கிழமை என்றதும் நினைவுக்கு வருகிறது. 2021 செப்டம்பர் 12 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய மெகா கொரோனா ஊசி முகாம்கள் முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தன. ஊசி போட்டால் கறியும் மதுவும் கூடாது என்று நம்பியவர்கள் ஞாயிற்றுக்கிழமையை இழக்க விரும்பாததால், அக்டோபரில் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். சுகாதார அமைச்சரே காரணத்தை வெளிப்படையாகச் சொன்னார். நீலகிரியிலோ டாஸ்மாக் கடையில் பாட்டில் வாங்க ஊசிச் சான்றிதழ் கேட்டார்கள். ஒரு பக்கம் குடிப்பவருக்காகக் கிழமையை மாற்றினோம். மறுபக்கம் குடிப்பதையே தூண்டில் புழுவாக்கினோம். எது கூடுதல் பலன் தந்தது என்று கேட்டால், சனிக்கிழமைக்கே என் வாக்கு.

15 மே 2022

தொலைக்காட்சிகள் ஊசிச் செய்திகளைக் காட்டிய விதம் பற்றி நான் ஏன் எதுவும் எழுதவில்லை என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எழுதாததற்குக் காரணம் உண்டு. அதைச் சொன்னால் என் குட்டு வெளிப்படும்.

நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டார். தனியார் மருத்துவமனைக்குப் போக வசதியுள்ளவர், அரசு மருத்துவமனையில் மக்கள் நம்பிக்கை வைக்க வேண்டும் என்பதற்காகவே அங்கு வந்ததாகச் செய்தியாளர்களிடம் சொன்னார். என் பார்வையில் குடிமைக் கடமையை அதைவிட அழகாகச் செய்துகாட்ட முடியாது. மறுநாள் மாரடைப்பு, 17-ஆம் தேதி அதிகாலையில் காலமானார். இதயத்தின் முக்கியமான இரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்ததாக மருத்துவர்கள் அன்றே விளக்கினார்கள். மத்திய அரசின் வல்லுநர் குழு பல மாதங்கள் ஆராய்ந்து, ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று அக்டோபரில் அறிக்கை தந்தது. அந்த ஏப்ரல் 17-க்கு அக்டோபர் அறிக்கையால் என்ன பயன்?

அன்று முழுவதும் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சித் திரை இரண்டாகப் பிளந்திருந்தது. இடப்பக்கம் அவர் கையை நீட்டி ஊசி போட்டுக்கொள்ளும் காட்சி, வலப்பக்கம் ஆம்புலன்ஸ். ஒரு பொய்யான சொல்கூட அந்தத் திரையில் இல்லை. ஆனால் இரண்டு படங்களை அடுத்தடுத்து ஒட்டிவைத்தால், நடுவே இருக்கும் 'ஆகவே' என்ற சொல்லைப் பார்ப்பவர் தாமே எழுதிக்கொள்கிறார். மாலை விவாதத்தில் இதய மருத்துவருக்கு எவ்வளவு நேரம் தந்தார்களோ, அதே அளவு நேரம் 'சமூக ஆர்வலர்' என்ற பட்டத்தோடு வந்தவருக்கும் தந்தார்கள். அதற்கு நடுநிலை என்று பெயர் வைத்திருக்கிறோம். ஒருவர் மழை பெய்கிறது என்றும் மற்றவர் இல்லை என்றும் சொன்னால், சன்னலைத் திறந்து பார்ப்பது நெறியாளரின் வேலை அல்லவா?

இனி என் குட்டு. தேர்தல் பணிக்குப் போகும் ஆசிரியன் என்பதால், 2021 மார்ச் 18 அன்றே கோவிஷீல்டு முதல் தவணை போட்டிருந்தேன். நான்கு நாள் கழித்து, இரண்டு தவணைகளுக்கு நடுவிலான இடைவெளியை எட்டு வாரம் வரை நீட்டி, ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் போடுவது நல்லது என்றார்கள்; அதன்படி ஏப்ரல் 29 முதல் நான் இரண்டாம் தவணைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. 'இதய நோய் எனக்கும் இருந்து தெரியாமல் இருந்தால்?' என்ற எண்ணம், ஊருக்கெல்லாம் சொற்பொழிவாற்றிய என் நெஞ்சில் முள்ளாக இருந்தது. கேட்டவர்களிடம் 'ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி தீர்ந்துவிட்டதாம்' என்றேன். அப்போது பல ஊர்களில் அது உண்மையாகவே நடந்துகொண்டிருந்ததால் யாரும் சந்தேகிக்கவில்லை. நான் பதினான்கு நாள் இப்படி ஒளிந்து திரிந்த பிறகு, மே 13 அன்று மத்திய அரசு கோவிஷீல்டு இடைவெளியைப் பன்னிரண்டு முதல் பதினாறு வாரமாக நீட்டியது. பள்ளியில் சக ஆசிரியர் தொலைபேசியில் அழைத்து, "சார், நீங்கள் முன்கூட்டியே படித்துத்தான் காத்திருந்தீர்கள் போலிருக்கிறது!" என்று வியந்தார். என் கோழைத்தனம் ஒரே இரவில் அறிவியலாகிவிட்டது. ஜூன் 15 அன்று போட்டுக்கொண்டேன்.

16 மே 2022

மேலே உள்ளதை என் மனைவி படித்தார். அவர் கேட்டுக்கொண்டபடி ஒன்றைச் சேர்க்கிறேன்: விவேக் செய்தி வந்த மூன்றாம் நாள், ஏப்ரல் 20 அன்று, அவர் போய் முதல் தவணை போட்டுக்கொண்டு வந்தார். நான் வாசலில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. இதை நான் எப்படி மறந்தேன் என்று கேட்கிறார். மறக்கவில்லை.

22 மே 2022

வரலாறு தெரிந்த ஒருவர் வந்து, 'ராஜாஜியே பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியை எதிர்த்தவர்தானே, அவரும் குடிமை உணர்வில்லாதவரா?' என்று மடக்கியிருக்கிறார். நல்ல அடி.

உண்மைதான். 1955-இல் ராஜாஜி, தாம் பி.சி.ஜி.யை ஏன் எதிர்க்கிறார் என்று தனி நூலே எழுதி வெளியிட்டார். முதலமைச்சர் பதவியிலிருந்து விலகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. காந்தியடிகளும் அம்மைப்பால் வைப்பதை நெடுங்காலம் கடுமையாக எதிர்த்தவரே. இவர்களை வாட்ஸ்அப் வதந்திக்காரர்களோடு சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. அதைவிடச் சங்கடமான செய்தி ஒன்று உண்டு. பி.சி.ஜி. எவ்வளவு பயன் தருகிறது என்று அறிய, உலகிலேயே மிகப் பெரிய ஆய்வுகளுள் ஒன்றை 1968 முதல் நம் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் நடத்தினார்கள். இலட்சக்கணக்கானவர்கள் அதில் பங்கேற்றார்கள். ஏழரை ஆண்டு கண்காணிப்புக்குப் பின் வந்த முடிவு, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை என்பது. பதினைந்து ஆண்டுக் கணக்கும் அதையே உறுதி செய்தது. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசநோய் வகைகளைத் தடுப்பதால், பிறந்த குழந்தைக்கு அதை இன்றும் போடுகிறோம், போடத்தான் வேண்டும்.

இதனால் ராஜாஜி சொன்னது சரியாகிவிடாது. அவர் அஞ்சியது ஊசி தீங்கு செய்யும் என்று. ஆய்வு கண்டது பெரியவர்களுக்கு அது பயன் தரவில்லை என்று. இரண்டும் வேறு. ஆனால் என்னைத் தைத்தது வேறொன்று. எதிர்பார்த்ததற்கு மாறான முடிவு வந்தபோது அதை மறைக்காமல் உலகுக்குச் சொன்னார்களே, அந்த நேர்மைக்காக, பெயர் தெரியாத செங்கல்பட்டு விவசாயிகளும் அவர்கள் பிள்ளைகளும் கையை நீட்டியிருக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சிலருக்கு மருந்தில்லாத நீரைப் போட்டதால், தங்கள் கையில் ஏறியது மருந்தா, வெறும் நீரா என்றுகூட அவர்களில் யாருக்கும் தெரிந்திருக்காது. 3-ஆம் தேதி நான் எழுதிய மொய்க் கணக்கில் இவர்களை விட்டுவிட்டேன்.

29 மே 2022

'உலக அரசியலை இதில் ஏன் இழுக்கிறீர்கள்?' என்று ஒரு வாசகர் கேட்கிறார். நான் இழுக்கவில்லை. அது ஏற்கெனவே ஊசிக்குள் இருக்கிறது.

பனிப்போர் உச்சத்தில் இருந்த 1958-இல், பெரியம்மையை உலகை விட்டே ஒழிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தில் முன்மொழிந்தவர் சோவியத் நாட்டின் விக்டர் ழ்தானோவ். பின்னர் அந்தத் திட்டத்தைத் தலைமையேற்று நடத்தியவர் அமெரிக்கரான டி.ஏ. ஹெண்டர்சன். அணுகுண்டுகளை ஒருவர்மீது ஒருவர் குறிவைத்திருந்த இரண்டு நாடுகளும் இதில் சேர்ந்து உழைத்தன. 1980-இல் பெரியம்மை ஒழிந்தது என்று அறிவிக்கப்பட்டது.

அதே அமெரிக்காவின் உளவுத்துறை, பின்லேடன் பதுங்கியிருந்த இடத்தை உறுதி செய்வதற்காக, பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் மருத்துவர் ஒருவரைக் கொண்டு மஞ்சள்காமாலைத் தடுப்பூசி முகாம் என்ற பெயரில் நாடகம் நடத்தியது. 2011-இல் அது வெளியே வந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில், போலியோ சொட்டு மருந்து கொடுக்கச் சென்ற பெண்களைச் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவர்களின் குற்றத்தை நான் துளியும் குறைக்கவில்லை. ஆனால் 'ஊசி போட வருபவர் உளவாளியாக இருக்கலாம்' என்ற வதந்தியை ஒரு வல்லரசே உண்மையாக்கிவிட்டது. இனி இப்படிச் செய்ய மாட்டோம் என்று வெள்ளை மாளிகை 2014-இல் உறுதி கூறியது. இந்தியா 2011 ஜனவரியோடு போலியோவை முடித்துக்கொண்டது. பாகிஸ்தானில் அது இன்னும் இருக்கிறது. அந்த ஒரு நாடகம் மட்டுமே காரணம் என்று சொல்வது மிகையாகும். அதற்கும் பங்குண்டு என்று சொல்வது மிகையாகாது.

நம் பக்கமும் பார்ப்போம். 2021 ஜனவரியில் 'தடுப்பூசி நட்புறவு' என்ற பெயரில் கொரோனா ஊசிகளைப் பூட்டானுக்கும் மாலத்தீவுக்கும் முதலில் அனுப்பினோம்; அதே மாத இறுதியில் இலங்கைக்கு ஐந்து இலட்சம் தவணைகள் போயின. மார்ச் இறுதியில் இங்கே இரண்டாம் அலை எழுந்ததும் ஏற்றுமதியை நிறுத்தினோம். நிறுத்தாமல் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்டால், என்னிடம் பதில் இல்லை. நானும் அப்போது நிறுத்தச் சொன்னவன்தான். ஆனால் இலங்கையில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரு கையில் முதல் ஊசியோடு நடுத்தெருவில் நின்றார்கள். கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் என் நண்பரும் அவர்களில் ஒருவர். ஜூலை கடைசியில் ஜப்பான் அனுப்பிய ஊசி வந்த பிறகுதான் அவருக்கு இரண்டாம் தவணை கிடைத்தது. "முதல் ஊசி இந்தியா தந்தது, ரெண்டாவது ஜப்பான் தந்தது. என்ர கைதான் இப்ப உண்மையான அணிசேரா நாடு" என்று எழுதியிருந்தார்.

30 மே 2022

பூட்டானில் சோதிடம் பார்த்தா கொரோனா ஊசியைத் தொடங்கினார்கள் என்று கேட்டவருக்கு: ஆம், சோதிடப்படி நாள் குறித்து, அவர்கள் பஞ்சாங்கத்தில் குரங்கு ஆண்டு எனப்படும் ஆண்டில் பிறந்த ஒரு பெண்ணைத் தேடிப்பிடித்து முதல் ஊசி போட்டுத்தான் தொடங்கினார்கள். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் வயது வந்தோரில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் போட்டு முடித்துவிட்டார்கள். நம் பகுத்தறிவாளர்கள் இதை எந்தக் கணக்கில் எழுதுவார்கள் என்று தெரிந்துகொள்ள ஆவல்.

18 ஜூன் 2022

உலக வணிக அமைப்பு நேற்று ஜெனீவாவில் ஒரு முடிவெடுத்தது. தொலைக்காட்சியில் நாற்பது வினாடிகூடக் காட்டவில்லை. எனக்கோ தூக்கம் வரவில்லை.

இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபர் 2 அன்று, கொரோனா தொடர்பான தடுப்பூசி, மருந்து, பரிசோதனைக் கருவி எல்லாவற்றுக்கும் காப்புரிமை உள்ளிட்ட அறிவுச்சொத்துத் தடைகளைத் தற்காலிகமாக விலக்க வேண்டும் என்று கேட்டன. அமெரிக்காவின் பைடன் அரசு 2021 மே மாதத்தில் தடுப்பூசிக்கு மட்டும் தலையசைத்தது. ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. இருபது மாதம் கழித்து இப்போது கிடைத்திருப்பது, தடுப்பூசிக் காப்புரிமைக்கு மட்டும் ஐந்தாண்டுத் தளர்வு. அதற்குள் கோவிஷீல்டு தயாரித்த சீரம் நிறுவனம், வாங்க ஆளில்லாமல் உற்பத்தியையே நிறுத்திவிட்டிருந்தது. கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்த பிறகு வாழையிலை வந்து இறங்கியிருக்கிறது. தனிமனிதனுக்குக் கடமை பற்றி வகுப்பெடுக்கும் நாடுகள், தங்கள் முறை வரும்போது வழக்கறிஞரை அழைத்துக்கொள்கின்றன.

வெளிநாட்டைத் திட்டிவிட்டுப் படுக்கக்கூடாது என்பதால் இதையும் எழுதுகிறேன். நூறாண்டுப் பழமையுள்ள குன்னூர் பாஸ்டர் நிறுவனம், கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம், இமாசலத்தின் கசௌலி நிறுவனம் மூன்றிலும் தடுப்பூசி உற்பத்தியை, தரவிதிகளைக் காரணம் காட்டி, 2008 ஜனவரியில் நம் அரசே நிறுத்தியது. 2010-இல்தான் தடையை விலக்கியது. செங்கல்பட்டில் பல நூறு கோடி ரூபாயில் கட்டிய தடுப்பூசி வளாகம் ஓர் ஊசிகூடத் தயாரிக்காமல் நின்றது. 2021 மே மாதம் முதல்வர் ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்து, மாநிலத்திடம் ஒப்படையுங்கள் என்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அதே செங்கல்பட்டுதான். 22-ஆம் தேதிக் குறிப்பைப் பாருங்கள்.

17 ஜூலை 2022

முதல் நாள் கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, 'பூஸ்டர் போட்டாயிற்றா, வாத்தியாரே?' என்று கேட்டிருந்தார். அறுபது வயதுக்குக் கீழுள்ளவர்களுக்குத் தனியார் மருத்துவமனையில் பணம் கொடுத்துப் போடலாம் என்று ஏப்ரல் 10 அன்றே அனுமதித்துவிட்டார்கள். ஊசிக்கு 225 ரூபாய், சேவைக் கட்டணம் 150 ரூபாய்க்கு மிகாமல். மூன்று மாதம் நான் போகவில்லை. கடமைக்குக் கட்டணமா என்று கொள்கை பேசினேன். அந்த மூன்று மாதத்தில் கேபிள் கட்டணத்தைத் தவறாமல் கட்டியிருக்கிறேன் என்று மனைவி கணக்குக் காட்டினார்.

நேற்று முன்தினம் முதல் அரசு மையங்களில் எல்லோருக்கும் இலவசம். நேற்றுப் போனேன். வரிசையில் ஆறு பேர். முன்னால் நின்ற பெண்மணி திரும்பிப் பார்த்து, "சார், வெள்ளிக்கிழமை ஊசி ஞாபகம் இருக்கா?" என்றார். அந்த மூன்றாவது வீட்டுத் தாய். பிள்ளை இப்போது திருப்பூரில் வேலை பார்க்கிறானாம். நேற்று சனிக்கிழமை, காலை வேலையை முடித்துவிட்டு, மறுநாள் வேலையில்லாத நாளாகப் பார்த்து வந்திருக்கிறார்.

இன்று மாலை தொலைக்காட்சியில் நாடு 200 கோடித் தவணையைக் கடந்துவிட்டதாகக் கொண்டாடுகிறார்கள். எனக்கு இடது கை தோளுக்கு மேல் எழவில்லை, இலேசாகக் காய்ச்சலும் இருக்கிறது. ஜெர்மனி பற்றி நான் எழுதியது தவறு என்று வந்திருக்கும் நீண்ட மறுப்புக்குக் கை வலி நின்றபின் பதில் எழுதுகிறேன்.